சீதேவி கதை சொன்ன படம்

உலகத்தில் வேறு எங்கும் அந்தப் படத்தை அந்தக் காரணத்துக்காக ஒருவரும் திட்டவில்லை. கடலோரத்துக் கல்லடியில் மட்டும்தான் திட்டினார்கள்.

படம் ஒரு நாரைக்குஞ்சின் கதை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் கார்ட்டூனாக வந்தது. இப்போது அதையே நிஜப் பறவை மாதிரி கம்பியூட்டரில் செய்து, நிஜ ஆட்களையும் நடிக்க வைத்து, தமிழிலும் பேச வைத்து விட்டிருந்தார்கள். மற்ற ஊர்க்காரர்கள் வழக்கமான குறைகளைத்தான் சொன்னார்கள். நிறமே இல்லை, அலகு அசையாமல் பேசுகிறது, நல்ல பாட்டையெல்லாம் வெட்டிவிட்டார்கள் என்றார்கள். டவுன் தியேட்டரில் பார்த்துவிட்டுப் பாலம் தாண்டி வந்த கல்லடிச் சனமோ வேறு கொதிப்பில் வந்தது.

"தாய் நாரையச் சாகடிச்சுப்போட்டானுகள்! ஆருக்கிட்டக் கேட்டுக் கதைய மாத்தினானுகள்?"

பிள்ளை குட்டி பெற்ற முப்பது வயதுக்காரர்கள், சீதேவியின் கொமினிகேசன் கடைக்குப் போட்டோக்கொப்பி எடுக்க வந்த இடத்தில், மேசையில் அடித்து இப்படிச் சொன்னார்கள். சீதேவி கொப்பி மெஷினின் மூடியைப் படாரென்று சாத்தினாள். படம் எடுத்தவன் கதையை மாற்றவேயில்லை என்பது ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மாற்றியவள் அவள்.

சீதேவிக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. கலியாணம் கட்டவில்லை. அதைப் பற்றி ஊர் கதைத்தது, ஊரைப் பற்றி அவளும் கதைத்தாள், கணக்குச் சரி. சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் கடற்கரைப் பக்கம் வீடியோக்கடை போட்டாள். இரண்டு வருடம்கூட ஓடவில்லை, சுனாமி வந்து கடையையும் வீட்டையும் ஒன்றாக வழித்துக்கொண்டு போனது. மிஞ்சியவர்களோடு அவளும் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் கிடந்தாள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பிள்ளைகளுக்கென்று ஒரு ரி.வியும் ஒரு பெட்டி நிறையப் படச் சீடியும் இறக்கிவிட்டுப் போனது. வீடியோக்கடைக்காரி தானே என்று ரிமோட்டை அவள் கையில் கொடுத்தார்கள்.

எந்த மடையன் அந்தச் சீடியைப் பெட்டிக்குள் போட்டானோ! இதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். படம் தொடங்கிக் கால்மணித்தியாலத்தில் பெரிய அலை ஒன்று எழும்பித் தாய் நாரையை இழுத்துக்கொண்டு போனது. அலை அடித்து ஒரு மாதம் ஆகாத முகாமில், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால்! அதில் பத்தொன்பது பேருக்குத் தாய் இல்லை. ஒரு பிள்ளையும் அழவில்லை. எல்லாரும் திரும்பிச் சீதேவியைப் பார்த்தார்கள். படம் பேசியது இங்கிலீஷ்.

"அக்கா, அது என்ன சொல்லுது?" என்று ஒருவன் கேட்டான்.

"மறுகரைக்குப் போயிற்று வாறன் எண்டு சொல்லுது," என்றாள் சீதேவி. வாயில் வந்தது அதுதான்.

படம் முடியும்போது வேறொரு நாரை வந்து அந்தக் குஞ்சைத் தன் செட்டைக்குள் வைத்துக்கொள்ளும். கார்ட்டூனில் எல்லா நாரையும் ஒரே வெள்ளை. "இந்தா, தாய் வந்திற்றா!" என்று சீதேவி கத்தினாள். பிள்ளைகள் கை தட்டியதில் பெரியவர்களும் எழும்பி வந்து பார்த்தார்கள். பிறகு மூன்று மாதம் ஒவ்வொரு பின்னேரமும் அதே படம், அதே பொய்.

புதுப் படத்தில் அந்த இரண்டாவது நாரை சாம்பல் நிறம். போதாக்குறைக்குத் தமிழில் வேறு சொல்கிறது: "நான் உன்னுடைய தாய் இல்லை, ஆனாலும் வா."

மூன்றாம் நாள் நிலோஜன் வந்தான். அன்றைக்கு "அது என்ன சொல்லுது" என்று கேட்டவன் இவன்தான். அப்போது ஏழு வயது, தாயை அலை கொண்டுபோன பத்தொன்பது பேரில் ஒருவன். இப்போது பிரிஜ், ஏசி திருத்துகிறவன், ஐந்து வயது மகளுக்குத் தகப்பன். கண்டபடி கோபம் வந்து பேஸ்புக்கில் நீளமாக எழுதிப்போட்டிருந்தான். அதற்குக் கீழே ஊர் ஊராகச் சிரித்திருந்தார்கள். பழைய படத்திலும் தாய் செத்ததுதானே, இவன் எந்தப் படத்தைப் பார்த்தான், மருந்து குடிக்க மறந்துவிட்டானா என்றெல்லாம்.

"நீங்களே சொல்லுங்க அக்கா, நான் வீடியோ எடுத்துப் போடுறன்," என்று போனை நீட்டினான். "பழைய படத்தில தாய் வந்ததுதானே? இவனுகளுக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரிச் சொல்லுங்க. நான் தியேட்டர்லயே விடயில்ல. எழும்பி நிண்டு கத்தினன். அது தாய் இல்ல, பிழையான பறவை, அந்தக் குஞ்ச விடச்சொல்லு எண்டு."

"ஆரோட போன நீ?"

"மகளோட. சின்னம்மாவும் வந்தவ. பக்கத்திலதான் இருந்தவ."

சீதேவி போனைக் கையால் விலக்கினாள். நிலோஜனின் அப்பா அஜந்தா என்பவளை மறுகலியாணம் கட்டிப் பெரியகல்லாற்றுக்குப் போனதும், அவளை இவன் ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை என்பதும் சீதேவிக்குத் தெரியும். மற்றவர்களிடம் சின்னம்மா என்பான், நேரே கூப்பிடும்போது வெறும் "இஞ்ச பாருங்க". பிள்ளையின் பிடிவாதம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். இப்படிப் பக்கத்தில் வைத்துக்கொண்டா கத்துவான்!

"போன வை மனே," என்றாள். "தாய் வரயில்ல. பழைய படத்திலயும் வரயில்ல. நான்தான் சொன்னன்."

அவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"அப்ப கடைசியில வந்தது?"

"வேற நாரை. குஞ்ச வளர்க்க வந்தது."

"எனக்கு ஏன் அதச் சொல்லயில்ல?" அவன் போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "வருவா எண்டு சொன்னீங்களே அக்கா! நான் பாத்துக்கொண்டிருந்தனே! அம்மா வந்து நிண்டா, நான் வேற ஆள அம்மா எண்டு கூப்பிட்டிருந்தா எப்பிடி எண்டு... நீங்க அண்டைக்கே சரியாச் சொல்லியிருந்தா..." முடிக்கவில்லை. மேசையில் கிடந்த கடதாசிக் கட்டைத் தட்டிவிட்டான்.

சீதேவி அதைக் குனிந்து எடுக்கவில்லை. கடைக் கதவை இழுத்துச் சாத்தினாள். "மோட்டச்சைக்கிள எடு," என்றாள்.

பெரியகல்லாற்று வீட்டு வாசலில் போய் இறங்கினார்கள். அஜந்தா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா, இரிங்க," என்று எழும்பினாள். சீதேவி இருக்கவில்லை. நின்றபடியே முகாமையும் சீடியையும் தன் பொய்யையும் சொல்லி, "இவனில பிழையில்ல. பிழை என்னில. நல்லதுக்கெண்டுதான் சொன்னன்," என்று முடித்தாள். மன்னித்துவிடுவாள் என்றுதான் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. நல்ல எண்ணத்தில் சொன்னதுதானே.

அஜந்தா சுளகைக் கீழே வைத்தாள்.

"நல்லதுக்குச் சொன்னியா? நான் வந்த அண்டைக்கு இவனுக்கு ஒன்பது வயசு. சோறு தீத்தப் போனன், வாயப் பொத்திக்கொண்டு ஓடினான். என்னில என்ன குறை, என்ன குறை எண்டு பதினெட்டு வருசம் தேடினன்டி! எனக்கெண்டு ஒண்டு பெத்தா இவன் மனசு நோகும் எண்டு பெறாமலே விட்டன். முந்தநாள் அத்தனை சனத்துக்கு முன்னால பிழையான பறவை எண்டு கத்துறான். அந்தக் கதிரைக்குக் கீழ பூந்திரலாம் போல இருந்திச்சி. தாய் செத்த புள்ளைக்கு வருவா எண்டு சொல்ல நீ ஆருடி? ஒருநாள் சொன்ன சரி. மறுநாள் திருத்தேலாதா? மூண்டு மாசமா உன்ட வாய் என்ன செஞ்சது?"

அந்த மூன்று மாதத்தில் சீதேவி திருத்த நினைத்ததேயில்லை. பிள்ளைகள் கை தட்டியது அவளுக்குப் பிடித்திருந்தது. அஜந்தாவோ நெஞ்சில் நெஞ்சில் அடித்துக்கொண்டு இன்னும் கிட்ட வந்தாள். "என்ட முத்தத்தில நிக்காத! வெளியால போ!"

நிலோஜன் குறுக்கே வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்தான். "காணும் விடுங்க. அம்மா, விடுங்க. நெஞ்சில அடிக்காதீங்க அம்மா."

அஜந்தாவின் வாய் அப்படியே நின்றது. கண்ணால் வழிந்ததைத் துடைக்க அவள் அவன் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. சீதேவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அஜந்தா அவள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கோபம் ஒரு சொட்டும் குறைந்திருக்கவில்லை.

"இன்னும் என்னத்தப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? போ எண்டு சொன்னன்தானே!"

சீதேவி படலையைச் சாத்திவிட்டுக் கல்முனை வீதிக்கு நடந்து வந்து, கல்லடிப் பக்கம் போகிற பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.