ஒரே மில்லிவாட், வேறு வேறு வெளிச்சம்

லேசர் விற்கிற தொழிலில், கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் தன் கண்ணையே தராசாகக் கொண்டு வருகிறார். சுவரிலும் நிலத்திலும் மட்டக்கோடு போடும் கருவிகளைக் கல்முனையில் ஒரு சின்னக் கடையில் விற்கிறேன், பழுதும் பார்க்கிறேன். சுவர் கட்டும் மேசன்மாரும் டைல் பதிக்கிறவர்களும்தான் வாடிக்கை; கைவேலைக்காரர் எல்லாரும் எங்கள் ஊர்ப் பேச்சில் 'பாஸ்'தான். நேற்று விற்ற சாமான் இன்று திரும்பி வந்து மேசையில் குந்தியிருப்பதைப் பார்த்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என் பாடு சொல்லாமலே விளங்கும்.

ஆறு மடங்கு எங்கே?

மருதமுனையில் டைல் பதிக்கும் றியாஸ் பாஸ், பழைய சிவப்புக் கோட்டுக் கருவியைக் கொடுத்துவிட்டுப் பச்சை வாங்க வந்தார். இரண்டு பெட்டியிலும் ஒரே மில்லிவாட்தான் அச்சடித்திருந்தது. "ரெண்டுக்கும் ஒரே சக்தி எண்டா என்னத்துக்கு மாத்திற?" என்று கேட்டார். நம் கண் பச்சையை நன்றாக ஏற்றுக்கொள்ளும், சிவப்பை அவ்வளவாக ஏற்காது, கணக்குப் பார்த்தால் அதே சக்தியில் பச்சை எட்டு மடங்கு வெளிச்சம் என்று விளக்கினேன். அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். அதுதான் நான் விட்ட பிழை.

மூன்றாம் நாள் தாளோடு வந்தார். பின்சுவரில் சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் விழ வைத்துப் பார்த்தோம். பச்சை நல்ல வெளிச்சம்தான். ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் மதிக்க முடியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. வெளிச்சம் கூடக் கூடக் கண் அதைக் குறைத்தே மதிக்கும், கணக்கில் எட்டென்றால் பார்வைக்கு ஏறக்குறைய இரண்டுதான் என்று இரண்டாம் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். கருவியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, அண்ணனைக் கூப்பிடும் ஊர் வழக்கில் 'காக்கா' என்று தொடங்கிச் சொன்னார்:

"சரி காக்கா, நான் பச்சையையே கொண்டு போறன். மத்த ஆறு மடங்கையும் கண்ணுக்குள்ள ஆரு எடுத்த எண்டு ஒருக்கா விசாரிச்சு வைங்க."

யோகராசா பாஸின் கோடு

பாண்டிருப்பு யோகராசா பாஸ் ஒரே சிவப்புக் கருவியை இரண்டு தரம் திருப்பிக் கொண்டுவந்தார். "கோடு விழுதில்ல தம்பி." கடையில் போட்டுப் பார்த்தால் கோடு பளிச்சென்று விழுகிறது. இரண்டாம் தரம் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாங்கிய சாமான் பிடிக்காமல் சாட்டுச் சொல்கிறார் என்று நினைத்து, நானே அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன்.

பாதி எழும்பிய சுவர். கருவியை வைத்தேன். கோடு சுவரில் ஓடியது. "இந்தா இரிக்கே" என்று விரலை வைத்துக் காட்டினேன். அவர் விரலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவருடைய தகப்பனுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் இரண்டு கண்ணும் போனதாம். இப்போது தனக்கும் தொடங்கிவிட்டது என்று மாதக்கணக்காக மனைவிக்குக்கூடச் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளில் பச்சைக் கருவியும் கிடந்தது. அதை எடுத்து வைத்தேன். "ஓம், இது தெரியுது, நல்லாத் தெரியுது" என்று சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த நாளே கண் வைத்தியரிடம் போனோம். நிறப் புள்ளிப் படங்களைக் காட்டிச் சோதித்தார், கண்ணின் அடியையும் பார்த்தார். பிறவியிலேயே சிவப்பு மங்கலாகத் தெரிகிற கண், வேறு ஒரு வருத்தமும் இல்லை, இனிக் கூடவும் மாட்டாது என்றார். வெளியே வந்த யோகராசா பாஸ் படியில் குந்தி, சேர்ட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குருடாகப் போறன் எண்டுதான் தம்பி இவ்வளவு நாளும் பயந்து கிடந்த. சிவப்பு மட்டுந்தான் எண்டா அது போகட்டும்."

நாவிதன்வெளியில் ஒரு மதியம்

நெல் களஞ்சியம் ஒன்று கட்டுகிற ஒப்பந்தகாரர் உச்சி வெயிலில் தொலைபேசி எடுத்தார்: நீ தந்த பச்சையும் தெரியவில்லை. போய்ப் பார்த்தேன். அந்த வெயிலுக்கு முன்னால் எந்த நிறமும் எடுபடாது, கருவியில் குறையில்லை. மட்டம் பார்க்கிற வேலையை வெயில் தாழ்ந்த பின், அசர் தொழுகைக்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் முணுமுணுத்தார், ஆனாலும் அதுவரைக்கும் எல்லாருக்கும் வேலையை நிறுத்தினார். தலையில் சுமந்த சாந்துத் தாச்சியை இறக்கி வைத்த ஒரு பெண் மர நிழலில் காலை நீட்டிக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"இந்தச் சாமான ரெண்டு வருசத்துக்கு முன்னமே கொண்டந்திருக்கலாமே தம்பி."

ஊதா

இது நான் விற்ற சாமான் இல்லை. வரிப்பத்தான்சேனை விவசாயி மீராசாகிபு காக்கா, விளைந்த நெல்லில் விழுகிற குருவியைக் கலைக்க யாரோ ஒரு வியாபாரியிடம் வாங்கிய ஊதா நிற லேசர். "சரியான மங்கல், திருத்தித் தாங்க" என்றார். சுவரில் புள்ளி உண்மையிலேயே மங்கலாகத்தான் விழுந்தது. பழக்க தோஷத்தில் சக்தி அளக்கும் மீற்றரில் பிடித்தேன். பெட்டியில் எழுதியிருந்ததைவிட எத்தனையோ மடங்கு காட்டியது. ஊதாவைக் கண் சரியாகக் காணாது, ஆனால் அது கண்ணைச் சுடும். உடனே அணைத்தேன்.

"காக்கா, இதுக்குள்ள ஆரும் பார்த்தயா?"

"பொண்டாட்டி நேத்துப் பின்னேரம் பார்த்தாவே. ஒண்டும் தெரியுதில்ல எண்டு சொன்னா."

அவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டு, கடையைப் பூட்டி அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருடைய மச்சான், காக்காவின் மனைவி ஆசியா அக்காவை, ஊர் வழக்கில் ஆசியா ராத்தாவை, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். கண்ணில் மருந்து விட்டு இருத்தினார்கள். வாங்குப் பலகையில் என் பக்கத்தில் இருந்த மீராசாகிபு காக்காவின் உதடு துஆ ஓதிக்கொண்டே இருந்தது. இடையில் ஒருமுறை, "எனக்கு எழுத்து வாசிக்க ஏலா தம்பி. வாற கடிதமெல்லாம் அவதான் வாசிச்சுச் சொல்ற" என்றார்.

வைத்தியர் வெளியே வந்து, இரண்டு கண்ணும் சுத்தமாக இருக்கிறது, ஒரு காயமும் இல்லை என்றார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மீராசாகிபு காக்கா சுவரில் சாய்ந்துவிட்டார். இவ்வளவு சக்தியை நேரே பார்த்தும் எப்படித் தப்பியது என்று எனக்கு விளங்கவில்லை. பின்னால் வந்த ராத்தா என் கையில் இருந்த லேசரைக் கண்டதும், "இதுட முன்னுக்கு ஒரு கறுப்பு மூடி இருந்ததே, அது எங்க?" என்று கேட்டார். கணவர் மெதுவாகச் சேர்ட் பொக்கெற்றில் கையை விட்டு மூடியை எடுத்தார். அன்று காலையில்தான் கழற்றினாராம்.

ராத்தா சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார்:

"நான் மூடியோடதான் பார்த்த. ஒழுங்காக் கேட்டிருந்தா வீட்டிலயே சொல்லியிருப்பனே."

மொத்தத்தில், என் மேசைக்கு வந்த கருவிகளும் அநேகமாக நன்றாகத்தான் இருந்தன, அவற்றைக் கொண்டுவந்த மனிதர்களும் அல்லாஹ்வின் உதவியால் நன்றாகத்தான் இருக்கிறார்கள், திருத்த வேண்டி இருந்ததெல்லாம் பெரும்பாலும் என்னுடைய விளக்கம்தான்.