இந்த முறை புதுக் கார்

மன்னாருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும், முதல் சில நாட்கள் நான் காரின் பிழையான பக்கத்துக்குப் போய்விடுவேன். கடையில் சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஸ்டியரிங் இருக்கும். இலங்கையில் ஓட்டுகிறவருக்கு வலப்பக்கம், கூட வருகிறவருக்கு இடப்பக்கம். இங்கே நோர்வேயில் எல்லாம் மாறி. மன்னாரில் போய் இறங்கினாலும் இதே கூத்துத்தான், பக்கம் மட்டும் மற்றது. "என்ன, இண்டைக்கு நீரோ ஓடப்போறீர்?" என்று என் கணவர் கேட்பார். வருடக் கணக்காக அதே பகிடி, அதே சிரிப்பு. அவர் மட்டும் ஒருநாளும் பக்கம் மாறிப் போனதில்லை. இளமையில் மன்னாரில் எங்கள் ஊரான பேசாலையிலிருந்து கொழும்புக்கு மீன் லொறி ஓட்டியவர். ட்ரைவருக்குக் காலே வழி சொல்லும் என்று பெருமை அடிப்பார். எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் இவர் பக்கத்தில் இருக்கும்போது நான் ஓட்டுவதில்லை. வலப்பக்கத்தில் இருந்துகொண்டு, அங்கே இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தபடியே வருவார். பத்து நிமிடத்தில் எனக்குத் தலையிடி வந்துவிடும்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த காலம் தொட்டுப் பாவித்த கார்தான் வாங்கினோம். "எப்பிடியும் ஊருக்குப் போகப்போறம்தானே, பிறகென்னத்துக்குப் புதுசு?" என்பது இவருடைய கணக்கு. இவருடையது மட்டுமில்லை, இங்கே உள்ள எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேருடையதும் அதுதான். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குக் கஞ்சத்தனமாகத் தெரியலாம். இங்கே இருக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கதிரை, மேசை, திரைச்சீலை, எல்லாம் இன்னொருவர் பாவித்ததாகவே வீட்டுக்கு வந்தன. விட்டுவிட்டுப் போகும்போது மனம் நோகக்கூடாது என்ற யோசனை. மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள், வேலை கிடைத்து ஒஸ்லோவுக்குப் போனாள். நாங்கள் மட்டும் அடுத்த வருடம் ஊருக்குப் போகிற ஆட்களாகவே இருந்தோம்.

கார் என்று சொன்னாலும் அது முழுக் கார் இல்லை, முழு ஜீப்பும் இல்லை. ஐந்து பேர் இருக்கலாம், கொஞ்சம் உயரம், பனியில் வழுக்காது, பின்னால் ஒரு குடும்பத்தின் மூட்டை முடிச்சு கொள்ளும். எஸ்யூவி என்கிறார்கள். ஜப்பான்காரன் ஒரே பெயரில் சில வருடங்களுக்கொருமுறை உருவத்தை மாற்றி விடுகிறான். முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என்று நோர்வேக்காரர்கள் ராசபரம்பரை போலச் சொல்வார்கள். அவர்கள் இரண்டாவதற்கு மாறியபோது கழித்துவிட்ட முதலாவதை நாங்கள் வாங்கினோம். மூன்றாவதற்கு மாறியபோது இரண்டாவதை வாங்கினோம். எப்போதும் ஒரு தலைமுறை பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தோம்.

வாங்கப் போகும் இடத்திலெல்லாம் இவர் முதலில் செய்வது தரையில் மல்லாந்து படுத்து வாகனத்தின் அடிப்பக்கம் பார்ப்பதுதான். அது மன்னார்ப் பழக்கம். எங்கள் தீவில் கடற்காற்று கேற்றையும் யன்னல் கம்பியையும் தின்று தீர்த்துவிட்டுத்தான் மனிதரிடம் வரும். மன்னாரில் நின்ற வாகனம் என்றால் வெளியூரான் விலையே கேட்கமாட்டான். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், பனி உருகுவதற்கென்று லொறியில் உப்பைக் கொண்டுவந்து ரோட்டில் கொட்டுவதைப் பார்த்து இவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "உப்புக்குத் தப்பி வந்தமெண்டு நினைச்சன்" என்றார். ஒருமுறை ஒரு கார்க் கடையில் இப்படிப் படுத்திருந்தபோது, அங்கே வேலை செய்த பெண் இவருக்கு மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீரோடு ஓடி வந்தாள். இவர் அடியிலிருந்து கையை நீட்டி, நன்றி சொல்லி, கிளாசை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொடர்ந்து பார்த்தார்.

கடைகளில் விற்கிறவர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். எவ்வளவு காலம் வைத்திருக்க உத்தேசம்? இவர் யோசிக்காமல் சொல்வார்: "எத் தில் தூ ஓர்." ஒன்று, இரண்டு வருடம் என்று அர்த்தம். நோர்வேஜிய மொழியில் இவர் முதலில் சுத்தமாகச் சொல்லப் பழகிய வசனங்களில் அதுவும் ஒன்று. துரு பிடிக்காமல் அடிப்பக்கத்துக்கு ஒரு பூச்சுப் பூசித் தரவா என்பார்கள். வேண்டாம் என்பார். இரண்டு வருடத்துக்கு என்னத்துக்குப் பூச்சு?

போன வருடம் ஆவணியில் மன்னாருக்குப் போயிருந்தோம். அதற்கடுத்த வருடம் எனக்கு வேலையிலிருந்து ஓய்வு. மீன் ஆலையில் இத்தனை காலம் ஐஸுக்குள் கை வைத்தது போதும், இனி ஊரில் போய் இருப்போம் என்று நான் முடிவாகவே இருந்தேன். பேசாலையில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. விட்டுவிட்டு விட்டுவிட்டுக் கட்டிய வீடு. அலுமாரிக்குள் புதுப் படுக்கை விரிப்புகள் உறை பிரிக்காமல் கிடக்கின்றன. வீட்டோடு சேர்த்து இவர் ஒரு கராச்சும் கட்டுவித்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு ஜீப் வாங்கி அதற்குள் விடவேண்டும், அதாவது கடற்காற்றுப் படாமல் வைத்திருக்கவேண்டும் என்பது இவருடைய ஆசை. அதற்கு இரும்புக் கதவு வேண்டாம், மரக் கதவுதான் வேண்டும் என்று இங்கேயிருந்து போனில் நின்று போட்ட சண்டை எனக்குத்தான் தெரியும்.

போய் இறங்கியபோது கராச்சுக்குள் ஒரு ஜீப் நின்றது. இவருடைய தம்பி யூட் வாங்கியது. "வாங்கோ அண்ணி, வந்து பாருங்கோ, புதுசு!" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அவனிடம் வருமுன் மூன்று கை மாறிய வாகனம்தான். ஆனால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்த அன்றுதான் வாகனம் பிறந்ததாகக் கணக்கு. பார்த்தவுடனே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நோர்வேயில் நாங்கள் வைத்திருந்த அதே பெயர், அதே இரண்டாம் தலைமுறை. அதே பொத்தான்கள், கண்ணாடியில் பார்த்ததுபோல் பக்கம் மாறி. அந்த வருட வாகனச் சோதனையில் எங்களுடையதைக் கழித்துவிடுவார்கள் என்று இவர் பயந்துகொண்டிருந்த நேரம் அது. நான் வலப்பக்கக் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் நின்றேன். "அண்ணி, நீங்களே ஓடப்போறியளோ?" என்று யூட்டும் கேட்டான். அண்ணனும் தம்பியும் ஒரே பகிடிதான். இவர் கராச்சின் மரக் கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். பூட்டிக் கிடக்கிற இடத்தில் தம்பி வாகனம் விடுவதில் என்ன பிழை? நாங்களே கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மடு மாதா கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. விடிய வாசலில் இன்னொரு வாகனமும் வந்து நின்றது. ஏசி போட்ட வான், ட்ரைவரோடு வாடகைக்குப் பிடித்தது. யூட்டின் மனைவி, பிள்ளைகள், மாமியார், சோற்றுப் பானை எல்லாம் ஜீப்புக்குள் ஏறியாயிற்று.

"இதென்னத்துக்கு வான்?" என்றார் இவர். "நாங்களும் இதுக்குள்ள நெருக்கி இருந்து வாறம்."

"சீச்சீ, என்ன அண்ணை நீங்கள்! வெளிநாட்டிலயிருந்து வந்த ஆக்கள். இந்த வெக்கையும் நெரிசலும் உங்களுக்கு ஒத்துவராது. நீங்கள் வசதியா ஏசியில வாங்கோ" என்றான் யூட். கையைப் பிடித்து இவரை வானுக்குள் ஏற்றியும் விட்டான். முழுக்க முழுக்க அன்பு. அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பதினைந்து பேர் இருக்கக்கூடிய வானுக்குள் நாங்கள் இரண்டு பேர். தீவின் பாலத்தைத் தாண்டும்வரை முன்னால் போன ஜீப்பின் பின்கண்ணாடியில் பிள்ளைகளின் கைகள் தெரிந்துகொண்டிருந்தன. ரோட்டில் கழுதைகள் மறித்து நின்றபோது ஜீப்புக்குள் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். எங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை, ஆட்கள் குலுங்குவதுதான் தெரிந்தது. கட்டுக்கரைக் குளத்தடியில் ட்ரைவர் கண்ணாடியில் இவரைப் பார்த்து, "எப்ப வந்தனீங்கள் சேர்?" என்று கேட்டான். இவர் சொன்னார். "எப்ப போறியள்?" என்று அடுத்ததையும் கேட்டான். ஊரில் கால் வைத்த நாள் தொட்டு எல்லோரும் கேட்கிற கேள்விதான். இவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நோர்வேக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. வெக்கையில் களைத்துப்போனார் என்று நினைத்தேன். உண்மையில் அன்று எங்களுக்கு வியர்க்கவே இல்லை.

இலையுதிர் காலத்தில் எங்கள் கார் சோதனையில் தேறவில்லை. அடிச்சட்டம் துருப்பிடித்து உக்கிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை கார்க் கடைக்குப் போனோம். பாவித்த கார்கள் வெளியே மழையில் வரிசையாக நின்றன. மூன்றாம் தலைமுறை ஒன்று எனக்குப் பிடித்தது. சாம்பல் நிறம், இருக்கை சற்று உயரம், என் முழங்காலுக்குச் சுகமாக இருந்தது. ஏறி இருந்து பார்த்துவிட்டு, "இது போதும்தானே? அடுத்த வருஷம் போகப்போறம்" என்றேன். இவர் வழக்கம்போல் படுத்துப் பார்ப்பார் என்று மழைச்சட்டையையும் நீட்டினேன். இவர் அதை வாங்கவில்லை. "இஞ்சரும், மழையில நனையாமல் உள்ளுக்கு வாரும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே புதியவை நின்றன. நான்காம் தலைமுறை. லார்ஸ் என்ற விற்பனைப் பையன் எல்லாவற்றையும் விளக்கினான். கதவுகள் சத்தமில்லாமல் மூடின. இவர் கேட்டதெல்லாம் ஒரே விஷயம்: அடிப்பக்கத்துக்கு உப்புப் பிடிக்காத பூச்சு உண்டா? உண்டு, ஆனால் அதற்குத் தனிக் காசு என்றான் லார்ஸ். பூசச் சொன்னார் இவர். நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை.

லார்ஸ் கணினியில் தட்டிக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டான். எவ்வளவு காலம் வைத்திருக்க உத்தேசம்?

"ரெஸ்தன் ஆவ் லீவெ" என்றார் இவர். மீதி ஆயுள் முழுக்க.

லார்ஸ் சந்தோஷமாகிவிட்டான். இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது, இதைச் சுவரில் எழுதி வைக்கவேண்டும் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான். இவரும் மரியாதைக்குச் சிரித்தார். இவர் சொன்னது காரைப் பற்றி என்றே லார்ஸ் நினைத்தான்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோபம் வரவேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை. அழுகை வருமா என்று பார்த்தேன், அதுவும் இல்லை. மீன் ஆலையில் ஐஸுக்குள் விரல் விறைத்திருக்கும்போது கத்தி வெட்டினால் தெரியாது. இரத்தத்தைக் கண்டுதான் வெட்டியது தெரியும், நோவு வீட்டுக்கு வந்து கை சூடாகிய பிறகுதான் வரும். அப்படித்தான் இருந்தேன். எங்கே கையெழுத்து என்று லார்ஸ் காட்டிய இடத்தில் நானும் வைத்தேன்.

அன்று பின்னேரம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"அப்ப ஊர் வீடு?"

"யூட் இருக்கிறான்தானே. பாத்துக்கொள்ளுவான்."

"கராச்?"

"அது சும்மா கிடக்கேல்லத்தானே."

"எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்."

இவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். "சொன்னா நீர் அழுவீர் எண்டு நினைச்சன்" என்றார். பிறகு, "அந்த வானுக்குள்ள இருக்கேக்க எனக்கு விளங்கிற்றுது. அங்க எங்களுக்குச் சீற் இருக்குது, ஆனா வேற வாகனத்தில" என்றார். எனக்கு வேறு மாதிரிப் பட்டது. நெருக்கி ஏறியிருந்தால் இடம் வந்திருக்கும், பிடிவாதமாக ஏறியிருக்கவேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் வானுக்குள் நானும்தான் பேசாமல் ஏறினேன். நான் அழவில்லை. கோப்பைகளைக் கழுவி வைத்தேன்.

கார் வந்துவிட்டது என்று தகவல் வந்த அன்று பஸ்ஸில் போனோம். லார்ஸ் என் கையில் ஒரு பூங்கொத்தைத் தந்தான். புதுக் கார் வாங்குகிறவர்களுக்குக் கொடுப்பது அந்தக் கடையின் வழக்கமாம். பாவித்த கார் வாங்கியபோது ஒருவரும் எங்களுக்குப் பூத் தந்ததில்லை. இவரிடம் கார்த் திறப்பைக் கொடுத்துக் கை குலுக்கினான். கார் வாசலில் நின்றது. மழை பெய்து ஓய்ந்து, அதன் மேல் துளித் துளியாக நீர் நின்றது.

இவர் திறப்பைக் கையில் பிடித்தபடி நேரே நடந்து போய் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினார். நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். இருக்கைப் பட்டியை இழுத்துப் போட்டார். கதவை மூடினார். இரண்டு கையையும் முன்னால் கொண்டுபோனார். அங்கே ஸ்டியரிங் இல்லை. கைகளை மெல்லத் திரும்பக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார்.

என் வாயில் அந்தப் பகிடி வந்தது. சொல்லவில்லை. பூங்கொத்தைப் பின் இருக்கையில் வைத்துவிட்டு, சுற்றிப்போய் இடப்பக்கத்தால் ஏறினேன். இவர் திறப்பை என் பக்கம் நீட்டினார். இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, வெளியே எடுத்தேன். லார்ஸ் கை காட்டினான். ரோட்டுக்கு ஏறியதும் முன்னால் ஒரு லொறி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, அந்தக் குளிர்காலத்தின் முதல் உப்பைத் தூவியபடி. நான் கிட்டத்தான் போனேன், வேண்டுமென்றே. இவருடைய கால் அசைகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.

வீடு வந்து சேரும்வரை இவர் ஒருமுறைகூட அந்த இல்லாத பிரேக்கை மிதிக்கவில்லை.