ஏழாவது பத்தியும் வெர்லின் ஸ்டாம்பரின் கண்ணாடியும்

"படிக்காம ஒரு எடத்துலயும் கையெழுத்து போட்டவன் இல்லடா இந்த வெர்லின் ஸ்டாம்பர்! கல்யாணப் பத்திரத்தையே பாதிரியாரை நிக்க வெச்சு முழுசா படிச்சுட்டுத்தான் போட்டேன்!"

மில்பர்ன் பள்ளிப் பேருந்துப் பணிமனையில் இந்தப் பிரகடனத்தைக் கேட்காத காதே கிடையாது. வெர்லின் அங்கே பதினோரு வருடமாகப் பேருந்து கழுவுகிறவர். புல்வெட்டும் இயந்திரம் வாங்கினால் உத்தரவாதச் சீட்டைக் கடைசி வரிவரை வாசித்த பிறகே அதை முடுக்குவார். அதற்குள் புல் முழங்காலைத் தொட்டிருக்கும். இண்டியானா மாநிலத்தில் எழுத்தறிவை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்ட மனிதர் வேறு யாருமில்லை.

கழுவிய பேருந்தை ஓட்டிப் போய் வரிசையில் நிறுத்துவதும் அவர் வேலைதான். ஆனால் இரும்புக் கதவு வரைதான் ஓட்டலாம். கதவுக்கு அப்பால் இருக்கும் சாலை, குற்றப் பதிவு இல்லாத கைகளுக்கு உரியது. பதினான்காம் தடத்து ஓட்டுநர் லெஸ்டர் வசந்தத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த இருக்கை வெர்லினுக்கு வேண்டும். உலகத்தில் அவருக்கு வேறெதுவும் வேண்டியதில்லை.

குறுக்கே நின்றவை இரண்டு வழக்குகள். முதலாவது, குடித்துவிட்டுப் புல்வெட்டும் வண்டியிலேயே நெடுஞ்சாலையில் ஏறி, பன்றிக்கறி சாண்ட்விச் வாங்கப் போனது. இரண்டாவது, பூட்டிக் கிடந்த தொழிற்சாலையில் செம்புக் கம்பி திருடியது. "லாரியில் இருந்த இரண்டாவது ஆள் தப்பியோட்டம்" என்று காவல்துறை எழுதி வைத்தது. அந்த இரண்டாவது ஆள் யாரென்று மூவருக்குத் தெரியும்: கடவுள், வெர்லின், டாயில் கிராஸ். மூவருமே வாய் திறக்கவில்லை. வெர்லின் எட்டு மாதம் உள்ளே இருந்தார். அந்த எட்டு மாதத்தில் டாயில் மனம் திருந்தி, தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்தும் மூப்பராக உயர்ந்துவிட்டார். வெர்லினின் மனைவி ஒனிட்டாவுக்கு இவர் கூடப்பிறந்த அண்ணன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு தேவாலயக் கூடத்தில் இலவச சட்ட உதவி நாள் நடந்தது. பழைய குற்றப் பதிவை மூடி முத்திரை வைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் மனுக்களை அங்கே எழுதிக் கொடுத்தார்கள். வந்திருந்தது ஒரே வக்கீல், வரிசையிலோ நாற்பது பேர். படிவம் நிரப்ப மூப்பர்கள் ஒத்தாசை செய்தார்கள். வெர்லின் அன்றைக்குப் பார்த்துக் கண்ணாடியை ஒன்பதாம் எண் பேருந்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். நாற்பது பேர் பார்க்க அதை ஒப்புக்கொள்வாரா?

"மச்சான், நீ சத்தமா வாசி. நான் காதால படிச்சுக்கறேன்."

டாயில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக் குரலில் வாசித்தார். வழக்குகளின் பட்டியல் வந்ததும் குரல் தாழ்ந்தது.

"மாப்ள, செம்புக் கேஸை இப்ப எழுத வேணாம். மொதல்ல சின்னதை மட்டும் போடு. ஜட்ஜம்மா உன் மூஞ்சிக்குப் பழகட்டும். பெருசை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அப்படிப் பண்ணலாமா?"

"நான் உனக்குக் கெடுதல் சொல்லுவேனா?"

வெர்லின் கையெழுத்துப் போட்டார். ஏழாவது பத்தியின் ஓரத்திலும், டாயில் காட்டிய இடத்தில், பெயரின் முதலெழுத்துகளைப் போட்டார். புல்வெட்டும் வண்டிக் குற்றம் முத்திரை பெற்று மறைந்தது. ஒனிட்டா அன்று ஈச்சம்பழக் களி கிண்டினாள். அண்ணனுக்கு இரண்டு கிண்ணம்.

லெஸ்டரின் ஓய்வு உறுதியானதும் செம்பு வழக்குக்கான மனுவை எடுத்துக்கொண்டு நீதிமன்றச் சாளரத்துக்குப் போனார் வெர்லின். அங்கிருந்த எழுத்தர் ரோண்டா கணினியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"உங்களுதுதான் முடிஞ்சு போச்சே, வெர்லின்."

"எது முடிஞ்சு போச்சு?"

"ஆயுசுக்கு ஒரு தடவைதான். எத்தனை கேஸ் இருந்தாலும் எல்லாத்தையும் ஒரே நேரத்துல கேட்டிருக்கணும். ஏழாவது பத்தியில இருக்கே. 'இந்த வாய்ப்பு வாழ்நாளில் ஒருமுறை என அறிவேன்.' பக்கத்துல உங்க எழுத்துதான?"

வெர்லின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருடைய எழுத்தேதான், அழகாகக்கூட இருந்தது. ஆனால் அந்த வாக்கியம் அவர் காதில் விழவே இல்லை. டாயிலின் ஞாயிற்றுக்கிழமைக் குரல் ஆறிலிருந்து நேராக எட்டுக்குப் போயிருந்தது.

டாயில் தன் வீட்டுப் புல்வெளியில் தேர்தல் பலகை நட்டுக்கொண்டிருந்தார். 'பள்ளி வாரியத்துக்கு டாயில் கிராஸ். நேர்மையான கை.'

"ஏழாவது பத்தியை ஏன் மச்சான் வாசிக்கல?"

டாயில் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. "மெதுவாப் பேசு. அந்தக் கேஸ் கோர்ட்டுக்கு வந்தா எவனாவது பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிட்டு, ரெண்டாவது ஆள் யாருன்னு கேக்க மாட்டானா? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

"நான் எட்டு மாசம் உள்ள இருந்தேன். உன் பேரைச் சொன்னேனா?"

"சொல்லல. தங்கமான மனுஷன் நீ. இன்னும் கொஞ்ச நாள் தங்கமாவே இரு." அப்புறம் சிரித்தார். "அப்படியே வெளிய சொன்னாலும் யாரு நம்புவா? படிக்காம கையெழுத்து போடாதவனாச்சே நீ! ஊருக்கே தெரியுமே மாப்ள!"

வெர்லின் அந்தப் பலகையைப் பார்த்தார். பலகை சாய்ந்திருந்தது. பேருந்துகளை வரிசையாக நிறுத்திய பதினோரு வருடப் பழக்கம், கோணலாக நிற்கும் எதையும் கை தானாகப் போய் நிமிர்த்திவிடும். நிமிர்த்திவிட்டு வீட்டுக்கு நடந்தார். ஒனிட்டா என்ன ஆச்சு என்று கேட்டாள். சாப்பிடும்போது சொல்கிறேன் என்றார், சாப்பிடவில்லை.

முடிந்து போனதென்று ரோண்டா சொன்ன மனுவை வெர்லின் எப்படியும் தாக்கல் செய்திருந்தார். விசாரணை நாளில் பணிமனையே ஆதரவு தர வந்து உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் லெஸ்டர் தன் ஓட்டுநர் தொப்பியை மடியில் வைத்திருந்தார். கடைசி வரிசையில் குடும்பப் பாசம் மேலிட்டு டாயில்.

நீதிபதி ஹாஃப்மேன் அம்மாள் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"மிஸ்டர் ஸ்டாம்பர், சட்டம் ஒரு தடவைக்கு மேல கதவைத் திறக்காது. ஒரு சின்ன ஜன்னல் மட்டும் வெச்சிருக்கு. நல்ல எண்ணத்தோட வந்தவரு, மன்னிக்கக்கூடிய காரணத்தால ஒரு கேஸை விட்டுட்டாருன்னா, நான் அந்த மனுவை இன்னொரு தடவை விசாரிக்கலாம். அதனால கேக்கறேன். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஏழாவது பத்தியைப் படிச்சீங்களா?"

பின்வரிசையில் லெஸ்டரின் தம்பி பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தது கூடம் முழுக்கக் கேட்டது: "யாரைப் பாத்து என்ன கேள்வி கேக்குது இந்தம்மா!"

இரண்டு பேர் சிரித்தார்கள். டாயில் மட்டும் சிரிக்காமல், தலையை மேலும் கீழுமாக மெல்ல ஆட்டினார். ஆமாம்னு சொல்லு, மாப்ள.

வெர்லின் சட்டைப்பையிலிருந்த கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். லெஸ்டரின் மடியில் இருந்த தொப்பியைப் பார்த்தார்.

"படிக்கலங்கம்மா."

தட்டச்சு செய்கிற பெண் நிமிர்ந்தாள். "சரியாக் கேக்கல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

அவர் சத்தத்தைக் கூட்டவில்லை. "படிக்கல. கண்ணாடி இல்ல. வேற ஒருத்தர் வாசிச்சாரு. நான் நம்பிப் போட்டேன்."