தார் டிரம்மில் ஓர் அடுப்பு

எங்கள் வீட்டில் எனக்குத்தான் மூக்கு நல்ல மூக்கு. பால் திரியப்போவதை அம்மாவுக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன்; அத்தாவுக்கு மூக்கே கிடையாது என்று அம்மா கேலி செய்வாள். செஞ்சி கடைத்தெருவில் தகரப் பட்டறை வைத்து, வாளியும் புனலும் டிரங்குப் பெட்டியும் செய்து, இருபது வருஷம் ஈயப் புகையும் திராவகமும் ஏறிப்போன மூக்கு அது. ரோஜாப்பூவும் மண்ணெண்ணெயும் அதற்கு ஒன்றுதான். எதையாவது மோந்து பார்க்க வேண்டுமென்றால் அத்தா என்னைத்தான் கூப்பிடுவார். எனக்கு அதில் ஏகப்பட்ட தலைக்கனம். அந்த மூக்கை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

எண்பதுகளின் நடுவில், நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, சவூதியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நாலு வருஷத்துக்கு அப்புறம் லீவில் வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். அங்கே வெள்ளிக்கிழமையானால் எல்லோரும் வெட்டவெளிக்குப் போய், கரி நெருப்பின்மேல் கறியைச் சுட்டுத் தின்பார்களாம். அதற்குப் பெயர் பார்பிக்யூ. அதேபோல நம் வீட்டுத் தோட்டத்தில் சொந்தக்காரர்களோடு ஒருநாள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், மச்சான் ஏதாவது ஓர் அடுப்பு தயார் பண்ணி வைக்கவும் என்று எழுதி, ஓரத்தில் பேனாவால் படமும் போட்டிருந்தார். நாலு கால் வைத்த தொட்டில் மாதிரி இருந்தது அது.

அத்தா அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். காரணம் இருந்தது. மாமா இரண்டு தடவை விசா அனுப்புகிறேன் என்று சொல்லியும் அத்தா போகவில்லை. "தகரம் வெட்ற கைக்கு இந்த ஊர்லயே சோறு இருக்குது" என்பார். அம்மா வீட்டுச் சனங்கள் அதைக் கையாலாகாத்தனம் என்று பேசிக்கொண்டார்கள், அவர் காதில் விழுகிற மாதிரியே. அதே சனங்கள் வந்து உட்காரப்போகிற தோட்டத்தில் தன் கையால் செய்த ஒரு பொருள் நிற்க வேண்டும், அதில் வெந்த கறியை அவர்கள் தின்ன வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒரு மனுஷனுக்கு இது பெரிய ஆசையா என்ன?

ரோடு போடுகிற மேஸ்திரியிடம் கேட்டு, காலியான தார் டிரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். உளியால் நீளவாக்கில் பிளந்து, கை கிழிக்காதபடி விளிம்பை மடக்கி அடித்தார். கால் வைத்தார். காற்றுக்கு இரண்டு பக்கமும் வரிசையாகத் துளை போட்டார். சாம்பலை இழுத்துக் கொட்டத் தனியாக ஒரு தட்டு. பழைய சைக்கிள் சக்கரக் கம்பிகளைப் புளியும் சாம்பலும் போட்டு வெள்ளி மாதிரி தேய்த்து, கறி குத்துவதற்கு நுனியைக் கூராக்கினார். பாக்கி இருந்த ஒரே கவலை தார் நாற்றம்.

அதைப் போக்க மல்லாட்டைத் தோலை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டு எரித்தார். எங்கள் ஊரில் வேர்க்கடலைக்குப் பஞ்சமில்லை. தினமும் சாயங்காலம் டிரம் ஆறியதும் என்னைக் கூப்பிடுவார்.

"மோந்து பாரு புள்ள. நாத்தம் இருக்குதா?"

இருக்குது என்பேன். மறுநாளும் எரிப்பார். ஆறாம் நாள் தலையை முழுசாக உள்ளே விட்டு மோந்தேன். வறுத்த மல்லாட்டை வாசனைதான் வந்தது.

"இல்லத்தா."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அத்தா சிரித்தார். சும்மா இருந்த டிரம்மை இன்னொரு தடவை துணியால் துடைத்தார்.

மாமா வந்தார். பெட்டியைத் திறந்து நைலக்ஸ் சேலை, டேப் ரிக்கார்டர், சென்ட் பாட்டில் எல்லாம் எடுத்து வைத்தபிறகு அடியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தார். உள்ளே ஒரு மடக்கு அடுப்பு. பளபளவென்று சிவப்பு நிறம், வெள்ளிக் கால்கள், மரப் பிடி.

"இந்த ஊர்ல எங்க கெடைக்கப்போவுதுன்னு ஒரு சந்தேகம், வாங்கியாந்துட்டேன்" என்றவர், தோட்டத்துக்கு வந்து டிரம்மைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இன்னா மச்சான் இது! ஒரு ஆட்டையே படுக்க வைக்கலாம் போலிருக்குதே!"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து எல்லோரும் தோட்டத்தில் கூடினார்கள். இருபது பேர் இருக்கும். என் பங்குக்கு நானும் ஒரு விருந்தாளியை அழைத்திருந்தேன். மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் ஆபீசரின் மகள், என் வகுப்புக்காரி. ஃபாரின் சாமான் காட்டுகிறேன் என்று ஒரு வாரமாகப் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டிருந்தேன். அவள் சிவப்பு அடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு டிரம் பக்கம் திரும்பினாள்.

"இது ரோட்டுல தார் காய்ச்சுற டிரம்தானே? இதுலயா சாப்பிடுவீங்க?"

பாவம், அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.

இரண்டு அடுப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எதைப் பற்றவைப்பது? சொந்தக்காரர்கள் ஃபாரின் அடுப்பு என்றார்கள். மாமாவுக்குத் தர்மசங்கடம். சட்டென்று என்னைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"சண்டையே வேணாம். எங்க அக்கா பொண்ணு சொல்லட்டும். நீ சொல்லு கண்ணு, எதுல சுடலாம்?"

பெற்ற மகள் அப்பாவைத்தானே சொல்வாள் என்ற நம்பிக்கையில்தான் அவர் என்னிடம் விட்டிருக்கிறார். அந்தச் சூட்சுமம் எனக்கு எங்கே தெரிந்தது? அத்தா ஒரு கையில் தீப்பெட்டியும் ஒரு கையில் கம்பிக் கட்டுமாக நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"செவப்புலயே சுடலாம். அத்தா செஞ்சது தார் நாத்தம் அடிக்குது" என்றேன்.

அத்தா குனிந்து, இருபது பேர் பார்க்க, டிரம்முக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். நிமிர்ந்து தீப்பெட்டியை மாமாவிடம் கொடுத்தார்.

"புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்ள. கறி வீணாப்பூடும். அதுலயே சுடலாம்."

சிவப்பு அடுப்பு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். ஒரு ஈட்டுக்கு ஆறு துண்டு. அத்தாதான் பக்கத்தில் குந்தி, இரண்டு மணி நேரம் விசிறியால் வீசிக்கொண்டே இருந்தார். குழந்தைகள் தட்டை வைத்துக்கொண்டு பறந்தார்கள். கடைசியில் அம்மா பாதிக் கறியை உள்ளே தூக்கிக்கொண்டு போய்க் குழம்பில் போட்டாள். எல்லாக் கறியையும் ஒரே தடவையில் சுட்டிருக்கக்கூடிய டிரம் சும்மா நின்றது. நான் நாலு துண்டு தின்றேன். வெட்கங்கெட்டு, நன்றாகவே தின்றேன்.

நான் சொன்னது பொய் என்று அத்தாவுக்குத் தெரியும், மற்றவர்கள் எதிரில் மகளைக் காட்டிக்கொடுக்காமல் விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். எப்போது கேட்பாரோ என்று ஒரு வாரம் அவர் கண்ணில் படாமல் திரிந்தேன். அவர் கேட்கவே இல்லை. அப்பாடா என்று இருந்தது. டிரம்மில் கோழிகள் ஏறி முட்டையிட ஆரம்பித்தன.

மாமா திரும்பிப் போகிற அன்று அத்தா, "அந்த விசா இன்னும் கெடைக்குமா மாப்ள?" என்று கேட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் குதித்தேன். காந்தம் வைத்த பென்சில் டப்பா வேண்டும் என்றேன். பட்டறையைப் பூட்டிவிட்டு அவர் மெட்ராஸ் பஸ் ஏறியபோது சந்தோஷமாகத்தான் கையாட்டினேன்.

நாலு வருஷம் கழித்து வந்தார். காதோரம் நரைத்திருந்தது. கம்பளிகளுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். சிவப்பு மடக்கு அடுப்பு. மாமா கொண்டுவந்ததைவிடப் பெரியது.

"உனக்குப் புடிச்சதாச்சேன்னு தேடி வாங்கினேன். என் மூக்க நம்ப முடியாதுல்ல, ரூம்ல இருக்கற பையன மோந்து பாக்கச் சொல்லித்தான் வாங்கினேன். நீயும் பாரு, நாத்தமே இருக்காது. அன்னிக்கி டிரம்முல நாத்தம் இருந்தும், நான் மனசு நோவேன்னுதானே மொதல்ல இல்லன்னு சொல்லிட்ட?"

அவர் என்னை மன்னிக்கவே இல்லை. மன்னிக்க ஏதாவது இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. தன் மூக்கை விட்டுவிட்டு என் மூக்கை நம்பியிருக்கிறார். நான் பெட்டியைத் திறந்து, குனிந்து மோந்து பார்த்தேன். இல்லத்தா என்றேன். அந்த டிரம்மிலும் இல்லத்தா என்று சொல்ல அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை.