வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஒரு குதிரைப் பயணம்

சுங்கை பெசாரை விட்டுக் கிளம்பியபோது காலை மணி ஏழு பத்து. திங்கட்கிழமை. அங்கிருந்து கோலா குபு பாருவுக்கு நான் வகுத்திருந்த வழியில் நூற்றுப் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேலே. காரில் போனால் இரண்டு மணி நேரம். எனக்கும் துரைக்கும் ஐந்து நாள் ஆகும் என்று வைத்திருந்தேன்.

துரை என்பது குதிரையின் பெயர். பதினெட்டு வயது, செம்பழுப்பு நிறம், இடது காதில் ஒரு வெட்டு. ரவாங்கில் குடியிருக்கும் நான் இருபத்திரண்டு வருடம் ஒரு குதிரைக் கொட்டடியில் குளிப்பாட்டவும் தீனி போடவும் இருந்தவன். துரை அங்கே வளர்ந்தது. வயதானதும் சுங்கை பெசார் பக்கம் ஒருவருக்கு விற்றார்கள். அவர் பிள்ளைகளை ஏற்றிக் கடற்கரையில் சவாரி விட்டார். தொழிலை மூடப்போகிறேன், எடுத்துக்கொள்கிறாயா, இல்லாவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னார். அந்த வேறு வழி என்ன என்று எனக்குத் தெரியும். கோலா குபு பாருவில் நண்பர் ஒருவருக்குப் புல்நிலம் உண்டு. குதிரை ஏற்ற லோரி கிடைக்கவில்லை. ஓட்டிக்கொண்டே போய்விடுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

முதல் நாள் வயல்களுக்கு நடுவே வாய்க்கால் ஓரமாகவே வழி. பார்க்க நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்கள் ஐம்பத்தாறு வயதில் ஏழு மணி நேரம் சேணத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பத்து மணிக்குள் தொடை இரண்டும் உரிந்துவிட்டன. அதைவிடக் களைப்பாக இருந்தது பதில் சொல்வதுதான். எங்கே போகிறீர்கள், கடிக்குமா, என்ன விலை? ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் போனது. கேட்டவர்கள் சும்மாவும் போகவில்லை. ஒருவர் வாழைப்பழம் கொடுத்தார், ஒருவர் ரொட்டி கொடுத்தார். மாலை தஞ்சோங் காராங்கில், முன்பின் தெரியாத ஒரு மலாய்க்காரர் தன் வீட்டுப் பின்புறத்தில் துரையைக் கட்ட இடம் கொடுத்து, எனக்குப் பாய் தலையணையும் கொடுத்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் பாசிர் பெனம்பாங்கைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தில் லோரிகள் ஹாரன் அடிக்க அடிக்கக் கோலா சிலாங்கூருக்குள் நுழைந்தோம். அங்கே ஒரு தமிழ் முஸ்லிம் உணவகம். தேநீர் இரண்டு வெள்ளி இருபது காசு என்று பலகையில் எழுதியிருந்தது. முதலாளி வாங்க மறுத்தார்.

"குதிரைல வந்த மனுசன்கிட்ட காசு வாங்குனா என் வாப்பா கனவுல வந்து ஏசுவாரு. குதிரைக்குச் சோறு போடலாமாண்ணே?"

சோறு கூடாது. ஆனால் அவர் தட்டை ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டார். ஒரு பிடிதானே என்று பேசாமல் இருந்தேன். நாலு வார்த்தை பேசுவதற்கும் தெம்பில்லை.

மூன்றாம் நாள் பெஸ்தாரி ஜெயா போகும் சாலையில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். வெயில் தாங்காமல் பன்னிரண்டரை மணிக்கு ஒரு தோட்டத்துக்குள் திரும்பினேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்தில் நாலைந்து வீடுகளில்தான் ஆள் இருந்தார்கள். முதல் வீட்டில் பார்வதி அக்கா. ஐந்து மாடு வைத்துப் பால் கறந்து விற்கிறவர். குதிரையின் பெயரைக் கேட்டதும் பக்கத்து வீடு வரை கேட்கச் சிரித்தார்.

"ஏய், தோட்டத்துக்குத் தொரை வந்துட்டாரு பாருங்க!" பிறகு துரையின் விலாவைத் தடவிப் பார்த்து முகம் வாடினார். "என்னாண்ணே இது, எலும்பு எண்ணலாம் போல இருக்கு. நீங்க மட்டும் நல்லாத்தானே இருக்கீங்க?"

எனக்கு நாற்காலி வந்தது, தேநீர் வந்தது. துரைக்கு ஒரு பெரிய பேசின் நிறையச் செம்பனைப் பிண்ணாக்கும் தவிடும் வந்தது. மாட்டுக்குப் போடுகிற அளவு. குதிரைக்கு மாட்டு வயிறு கிடையாது. பழகாத தீனியை அவ்வளவு தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும், வாந்தி எடுக்கவும் அதற்கு முடியாது. இருபத்திரண்டு வருடம் இதையே புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

"கொஞ்சம் போதும்க்கா," என்றேன். என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கண்ணை மூடினேன், தூங்கிவிட்டேன்.

விழித்தபோது மணி இரண்டே கால். பேசின் கழுவி வைத்ததுபோல் இருந்தது. துரை முன்காலால் மண்ணைப் பிறாண்டிக்கொண்டு, கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. உடம்பெல்லாம் வேர்வை. நான் எழுவதற்குள் மடிந்து படுத்துப் புரளப் பார்த்தது. புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும், அதோடு தீர்ந்தது. கத்திக்கொண்டே கயிற்றை இழுத்து எழுப்பினேன்.

எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன், ஷா ஆலமில் இருந்தார். வர மூன்று மணி நேரமாவது ஆகும், அதுவரை நடக்க வை, படுக்க விடாதே, ஒன்றும் கொடுக்காதே என்றார்.

லயத்திலிருந்து பழம் நிறுக்கும் மேடு வரை செம்மண் பாதை, முந்நூறு அடி இருக்கும். போவதும் வருவதுமாக ஒரு மணி நேரம் நடத்தினேன். அதற்குமேல் என் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பார்வதி அக்கா ஒன்றும் கேட்காமல் கயிற்றை வாங்கிக்கொண்டார். ரப்பர் செருப்பு, தலையில் துண்டு, வாய் ஓயாமல் பேச்சு. "நடய்யா தொரை, நடய்யா ராசா, படுத்துராத." நாலு மணிக்குப் பழம் வெட்டும் வேலை முடித்து வந்த ரஃபிக் என்ற வங்காளதேசத்துக்காரர், குளிக்கக்கூடப் போகாமல் அவரிடமிருந்து கயிற்றை வாங்கினார். நாங்கள் மூவரும் மாறி மாறி நடந்தோம். ரவாங்கில் என் வீட்டு வரிசையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். அங்கே என் கார் நின்றுபோனால் தள்ள ஒருவரைக் கூப்பிடக்கூட எனக்குத் தயக்கம்.

இரண்டு முறை துரை முழங்கால் மடித்தது. இரண்டாவது முறை, இது போய்விடும் என்றே நினைத்தேன். அதன் கழுத்தில் முகத்தை வைத்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

ஐந்து இருபதுக்குத் துரை வாலைத் தூக்கியது.

"போட்டுருச்சு! அண்ணே, சாணி போட்டுருச்சு!" பார்வதி அக்கா கத்திய கத்தலில் மாடுகள் மிரண்டன. ரஃபிக் அந்தச் சாணியைக் கைபேசியில் படமே எடுத்துக்கொண்டார். ஆறு மணிக்கு மருத்துவர் வந்து ஊசி போட்டார். பிழைத்துக்கொள்ளும், இரண்டு நாள் ஓய்வு கொடு என்றார்.

அவர் கார் போனதும் பார்வதி அக்கா என் எதிரில் வந்து நின்றார்.

"நான் வச்ச பிண்ணாக்காலதானே?"

புல்லில் ஏதோ இருந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"ஆமாக்கா. ஆனா தப்பு உங்களுது இல்ல. ஒத்துக்காதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"ஆசையா வச்சீங்க. வேணாம்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு..."

"இப்ப மட்டும் சிரிச்சுக்கிட்டா இருக்கேன்? ரெண்டு மணி நேரம் பாவத்த கையில பிடிச்சிக்கிட்டு நடந்தேன்லா! ஒரு வார்த்த சொல்லியிருந்தா பேசின எடுத்துட்டுப் போயிருப்பேன், அவ்வளவுதானே?"

அன்றும் அடுத்த இரண்டு நாளும் அக்கா சாப்பாடு போட்டார், தேநீர் கொடுத்தார். முகம் மட்டும் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குச் சேணம் பூட்டினேன். அக்கா ஒரு டப்பாவோடு வந்தார். திறந்து காட்டினார். கேசரி, மேலே முந்திரி. ஆனால் நீட்டவில்லை, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது ஒங்களுக்கு. ஒத்துக்குமா ஒத்துக்காதா? இப்பவே சொல்லிடுங்க."

நெய் வாசம் வந்தது. வாங்கிக்கொண்டு போய்ச் சாலை முனையில் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதுதானே என் வழக்கம்.

"எனக்கு இனிப்புநீர் இருக்குக்கா. எட்டு வருசமா."

"அப்ப இத்தன நாளா நான் சீனி போட்டுக் கொடுத்த டீ?"

"குடிச்சேன்."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லி என்னைத் திட்டிக்கொண்டே உள்ளே போனார். நாலு இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து என் கையில் திணித்தார். துரையின் நெற்றியை மட்டும் தடவிக் கொடுத்தார்.

கோலா குபு பாரு போய்ச் சேர மேலும் இரண்டு நாள் ஆயிற்று. வழியில் ஏழெட்டு இடங்களில் துரைக்கும் எனக்கும் எதை எதையோ கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு முறையும் வேண்டாம், ஒத்துக்காது என்றேன். ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. சரி, தண்ணீராவது வைக்கட்டுமா என்றுதான் கேட்டார்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அஞ்சியா ஒரு குதிரையைக் கொல்ல இருந்தேன் என்று மிச்ச வழி முழுவதும் வெட்கமாக இருந்தது.