ஐந்து உபதலைவர்களும் நான்கு தோள்களும்

போர் தொடங்கிய வருடம், லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டு மேலறைக்கு உக்ரைனிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தார். கிழக்கே ஒரு தொழிற்சாலை நகரத்தில் பாட்டு ஆசிரியையாக இருந்தவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் "அக்கா" என்று கூப்பிட்டேன். அதை இங்கே தனக்கு வைத்த பெயர் என்று நினைத்துவிட்டார். கவுன்சிலிலிருந்து போன் வந்தாலும் "அக்கா பேசுகிறேன்" என்றுதான் ஆங்கிலத்தில் தொடங்குவார். எங்கள் இருவரின் ஆங்கிலமும் ஒரே அளவு ஓட்டை. அதனால் நன்றாகப் புரிந்தது.

அந்த வருடம்தான் எங்கள் தேவாலயத் தமிழ்ச் சபைக்குத் தேர்தல் வந்தது. தலைவராக இருந்த அண்ணைக்கு எதிராகத் தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர் நிற்கப்போவதாகச் செய்தி. தலைவர் பக்கத்து ஆட்கள் பதறிப்போனார்கள். பாடகர் குழு, கிரிக்கெட் கழகம், ஞாயிறு தமிழ்ப் பள்ளி, மன்னார் ஆட்கள், முதியோர் சங்கம் ஆகிய ஐந்தும் ஒன்று சேர்ந்தன. அதுவரை ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசாத ஐந்து. கிரிக்கெட் கழகத்துக்கு என் கணவர்தான் பொறுப்பு. ஆகவே கூட்டணி எங்கள் வரவேற்பறையில் பிறந்தது.

"ஐக்கிய அணி எண்டு வைப்பம்," என்றார் இவர். எல்லாரும் கை தட்டினார்கள்.

தேநீர்த் தட்டோடு நின்ற அக்கா என்னைப் பார்த்தார். தலைவரை ஆதரிக்க ஐந்து குழுக்கள் சேர்ந்திருக்கின்றன, பெயர் ஐக்கிய அணி என்று விளக்கினேன். தட்டை என் கையில் தந்துவிட்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

பிறகு சமையலறையில் வைத்துச் சொன்னார். இருபது வருடத்துக்கு முன் அவர்கள் நாட்டிலும் இப்படித்தானாம். ஜனாதிபதியின் ஆதரவுக் கட்சிகள் ஐந்து, தேர்தலுக்காக ஒரே கூட்டணி ஆகின. விவசாயிகளுக்கு ஒரு கட்சி, தொழிலதிபர்களுக்கு ஒரு கட்சி, இப்படி. கூட்டணியின் பெயரிலும் 'ஐக்கிய' இருந்தது; அதைச் சுருக்கி ரஷ்ய மொழியில் சொன்னால் 'சாப்பாட்டுக்காக' என்று காதில் விழும். அக்காவின் பாடகர் குழுவை மேடையில் பாட அனுப்பியிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு கிழவி பையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "பாட்டு சரி, சாப்பாடு எங்கே?" என்று கேட்டாளாம்.

"வென்றீர்களா?" என்று கேட்டேன்.

"வாக்கு எண்ணிக்கையில் பின்னால்தான். பிறகு கட்சியில்லாமல் தனியாக வென்றவர்கள் எல்லாம் வந்து சேர, பாராளுமன்றத்தில் நாங்கள்தான் பெரிய கட்சி. சபாநாயகரைத் தெரிவு செய்தோம். கோடை முடிவதற்குள் துண்டு துண்டாகப் போய்விட்டோம்."

இதை நான் இவரிடம் சொன்னேன். இவர் பயப்படவில்லை. அனுபவசாலி ஒருவர் வீட்டிலேயே இருக்கிறார் என்று சந்தோஷப்பட்டு அவரிடமே போய் ஆலோசனை கேட்டார். அக்கா யோசித்துவிட்டு, "ஆளுக்கொரு பதவி கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு அதில்தான் சண்டை வந்தது," என்றார்.

அப்படித்தான் நாற்பது குடும்பம்கூட இல்லாத சபைக்கு, குழுவுக்கு ஒருவராக, ஐந்து உபதலைவர்கள் வந்தார்கள்.

பிரசாரக் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் நான் மட்டன் ரோல்ஸ் பொரித்தேன். டாக்டர் பக்கத்தார் எங்களை 'ரோல்ஸ் அணி' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். டாக்டரே ஒருமுறை வந்து இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்குங்க, ஆனா ஓட்டு எனக்கேதான் போட்டுக்குவேன்," என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஐக்கிய அணி வென்றது. அண்ணை கண் கலங்கி நன்றி சொன்னார். தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது பாடகர் குழுத் தலைவி சாதாரணமாகத்தான் கேட்டார்: "அப்ப திருநாளுக்கு மாதாவின்ரை கூட்டை ஆர் ஆர் தூக்கிறது?"

"உபதலைவர்மார்தான்," என்றார் அண்ணை பெருந்தன்மையாக.

ஊர்வலத்தில் மாதா சொரூபம் வைக்கும் கூட்டைத் தூக்க நான்கு தோள்தான் வேண்டும். உபதலைவர்கள் ஐந்து பேர்.

"முதியோருக்குத்தான் முன்பக்கம்," என்றார் முதியோர் சங்கத்தவர்.

"உங்களாலை படியே ஏறேலாது, கூடு எப்பிடித் தூக்குவியள்?" இது மன்னார்க்காரர்.

"பொம்பிளை எண்டு என்னைத் தள்ளிவைக்கப் பாக்கிறியளோ?" இது பாடகர் குழு.

என் கணவர், உயரமானவர் முன்னால் நின்றால் மாதா பின்பக்கம் சரிந்துவிடுவா, ஆகவே உயரத்தின்படி முடிவெடுக்க வேண்டும் என்று விஞ்ஞானம் பேசினார். அங்கே உயரமானவர் பாதிரியார் மட்டும்தான். அயர்லாந்துக்காரரான அவர், பாஷை புரியாமல், எல்லாரும் வெற்றியைக் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார். என் கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் ஐவரும் மண்டபத்தின் ஐந்து மூலைக்குப் போய்விட்டார்கள். நாலு மூலை மண்டபம்; ஐந்தாமவர், என் கணவர், வாசலில் நின்றார்.

"கோடை வரையாவது இருக்கும் என்று நினைத்தேன்," என்றார் அக்கா என் காதில். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

திருநாளன்று ஐந்து உபதலைவர்களும் வெள்ளை உடுத்து வந்தார்கள். ஒருவரும் கூட்டைத் தொடவில்லை. அண்ணை, தனியாக விடப்பட்ட தலைவர், முன்பக்கம் ஒரு முனையைப் பிடித்தார். மறு முனைக்கு டாக்டர் வந்தார். தோற்ற மனிதர், சட்டைக் கையை மடித்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தது. கைப்பையை இவர் கையில் திணித்துவிட்டுப் போய்த் தோளைக் கொடுத்தேன். அக்கா, நான் கூப்பிடாமலே, மற்றப் பக்கம் வந்து நின்றார்.

தெருமுனை திரும்பும்போது என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அக்கா மூச்சு வாங்க, போதும் என்பதற்குத் தனக்குத் தெரிந்த தமிழில் "காணும், காணும்," என்றார். அப்போது பக்கத்தில் இவர் குரல்.

"இஞ்சை தாரும், நான் பிடிக்கிறன்."

"ஏலாது. உபதலைவர் எண்டால் தரமாட்டன்."

என் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இவர் கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். "சரி, விட்டிட்டன் அந்தப் பதவியை," என்றார்.

கொடுத்தேன். அடுத்த நிறுத்தத்தில் மன்னார்க்காரர் வந்து அக்காவின் தோளை விடுவித்தார். இவரும் அவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், ஆனால் ஒரே அடி வைத்து நடந்தார்கள். பின்னாலிருந்து பார்க்க மாதா கொஞ்சம் இடப்பக்கம் சரிந்திருந்தா.