பூட்ஸைக் கழற்றிய விண்வெளி வீரர்

சித்திரை வெயிலில் உப்பு விளைந்து நிற்கும் பாத்தியை நேராகப் பார்த்தால் கண் கூசித் தண்ணீர் கொட்டும். உதட்டை நக்கினால் கரிக்கும். மரக்காணத்துக்காரர்களுக்கு அது தினம் பார்க்கிற உப்பளம்தான். பத்தாம் வகுப்பு முடித்து விடுமுறையில் இருந்த எனக்கோ அது சாட்சாத் வேற்றுக் கிரகம். பிரவுசிங் சென்டரில் விண்கலம் ஓட்டும் கேம், நூலகத்தில் அட்டை கிழிந்த விண்வெளிக் கதைகள், பரீட்சை அட்டை முழுக்க மூன்று கண் மனிதர்கள் என்று திரிந்த என்னைத் தெருவில் "ராக்கெட்டு" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு படம் எடுத்துக் காட்டி இந்தத் தெருவின் வாயை அடைக்கிறேனா இல்லையா பார் என்று எனக்கும் ஒரு வீம்பு.

படம் பிடிக்க அம்மாவின் கேமரா போன், அதைத் தூக்கத் தங்கை ரேவதி, விண்வெளி வீரராக நடிக்க அம்மாவின் தம்பி ஏழுமலை மாமா. அவருக்கு உப்பளத்தில்தான் வேலை. பிரியாணிப் பொட்டலத்து வெள்ளித்தாள் சுற்றிய ஹெல்மெட், மழைக்கோட்டு எல்லாம் சும்மா. நான் உயிரைக் கொடுத்துச் செய்தது அந்தப் பூட்ஸைத்தான். பழைய ரப்பர் பூட்ஸுக்கு அலுமினிய பெயின்ட் அடித்து, சீரியல் பல்பு சுற்றி, தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடியதில், மறுநாள் உப்பு வாரப்போகிற ஒரு பாத்தியில் மட்டும் இறங்கிக்கொள்ளச் சொன்னார். கால் பட்டால் உப்புப் பரப்பு கலைந்துவிடும் என்பதால் ஒரே டேக்தான்.

மாமா வரப்பின் மேல் கம்பீரமாக நடந்து வந்தார். பாத்தி ஓரத்தில் நின்றார். குனிந்து, இரண்டு பூட்ஸையும் கழற்றி ஜோடியாக வரப்பில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு வேற்றுக் கிரகத்தில் இறங்கினார்!

"ஐயோ மாமா! அங்க காத்தே கெடையாது, வெறுங்காலோட எறங்குனா செத்துப் போயிடுவாங்க!" என்று அலறினேன்.

"ஏம்மா, பூட்ஸோட எறங்குனா சேறு ஒட்டி உப்பு கறுத்துடாதா? எந்த ஊரா இருந்தா என்ன?" என்றார் மாமா.

மாமா பாத்தி நடுவில் நிற்கும்போதே போனில் சார்ஜும் தீர்ந்து படம் பாதியில் நின்றது. அன்றைக்கு நான் அழுத அழுகை கொஞ்சமில்லை. அதற்குள் இந்த ரேவதி, படம் காட்டப்போகிறோம் என்று தெரு முழுக்கத் தமுக்கடித்துவிட்டாள். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா வீட்டு டிவியில் படம் ஓடியது. பாத்தி வேலை முடித்து வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பூட்ஸ் கழற்றும் இடம் வந்ததும் சிரித்துத் தொலைக்கப் போகிறார்கள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"அங்கயும் உப்பளந்தானா?" என்றார் அஞ்சலை அக்கா, டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"ஆமாக்கா. அங்க ரெண்டு சூரியன்" என்றேன்.

"அப்போ சீக்கிரம் வெளைஞ்சிடும். மழை வந்தா என்னா பண்ணுவாங்க?"

அவ்வளவுதான், ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கடல் எந்தப் பக்கம், காற்று எப்போது திரும்பும், ராத்திரி என்று ஒன்று உண்டா என்று விடவே இல்லை. மாமா பூட்ஸோடு இறங்கியிருந்தால் அவர்களுக்கு அது வெறும் வேஷமாகத்தான் தெரிந்திருக்கும். நானும் சந்தோஷத்தில் விடாமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இப்போது சென்னையில் கேம் கம்பெனி ஒன்றில் கிரகங்கள் வரைகிறேன். அங்கே இருப்பவர்கள் என்ன வேலை செய்வார்கள் என்று யோசிக்காமல் ஒரு மலைகூட வரைவதில்லை. மாமாவுக்கும் அந்தத் தெருவுக்கும் நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொல்லி முடியாது. பிரவுசிங் சென்டர் மூடியாயிற்று, போனும் போயிற்று, படம் இருந்த மெமரி கார்டும் செத்துவிட்டது. பொங்கலுக்குப் போனபோது வருத்தத்தோடு இதைச் சொன்னேன்.

"போனா போவுது வுடு" என்றார் மாமா. "ஆனா சார்ஜ் தீந்துபோச்சுன்னு நீ பாதியிலயே நிறுத்திட்ட. நான் இன்னும் அந்த ஊர்லதான் நிக்கிறேன். எப்போ வந்து கூட்டிட்டுப் போவ?"

சித்திரைக்கு லீவு சொல்லிவிட்டேன். ரேவதியும் வருகிறாள்.